பீரோ கதவின் உள்பக்கம் கிரிகரி பெக்

கேள்வி இதுதான்: "என் பெரியம்மாவுக்கு 74 வயது. கல்யாணச் சீராக வந்த பீரோவின் கதவுக்கு உள்பக்கம் கிரிகரி பெக் படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். இன்றைக்கும் அவர் நடித்த படம் ஏதாவது டிவியில் வந்தால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். நேரில் ஒருநாளும் பார்த்திராத ஒரு வெள்ளைக்கார நடிகரை ஐம்பது வருஷம் இப்படி நேசிக்க அவரிடம் அப்படி என்ன இருந்தது? எனக்கும் புரிய வேண்டுமென்றால் எந்தப் படத்தில் தொடங்கலாம்?"

நானும் உங்கள் பெரியம்மா கட்சிதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெக் நம் ஊர் ரசிகர்களுக்கு அந்நியர் இல்லை. 1969-ல் வந்த 'மெக்கன்னாஸ் கோல்டு' அமெரிக்காவில் படுத்துவிட்டது, ஆனால் இந்தியாவில் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடியது. நான் அதை மதுரை ரீகலில் பார்த்தேன். பகலில் நூலகம், சாயங்காலமானால் ஆங்கிலப் படம் என்று இருந்த விக்டோரியா எட்வர்டு ஹால் கட்டடம் அது. விடிகிற நேரத்தில் ஒற்றைப் பாறைத் தூணின் நிழல் நீண்டு நீண்டு வந்து, மலைச்சுவரில் தங்கத்துக்குப் போகும் வழியைக் காட்டுகிற இடத்தில் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தை எரித்துவிட்டு வழியை மனசில் மட்டும் வைத்திருக்கும் மார்ஷல்தான் பெக். ஆனால் பன்னிரண்டு வயதில் எனக்கு நிழலும் குதிரைகளும்தான் மனசில் நின்றன. அவர் என்னைப் பிடித்துக்கொண்டது ஆறேழு வருஷம் கழித்து, 'டு கில் எ மாக்கிங்பேர்டு' பார்த்தபோது. அன்றிலிருந்து விடவில்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். ஹார்ப்பர் லீ எழுதிய நாவல், 1962-ல் படமானது. கதை 1930-களில், அலபாமாவில் ஒரு சிற்றூரில் நடக்கிறது. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க்குற்றம் சுமத்துகிறார்கள். அவனுக்காக வாதாட ஒப்புக்கொள்ளும் வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச். மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பெக் அந்த வக்கீலாக வருகிறார்.

எல்லாரும் கோர்ட் காட்சியைத்தான் சொல்வார்கள். அதற்கு வருகிறேன். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி ஆரம்பத்திலேயே இருக்கிறது. ராத்திரி. அட்டிகஸ் மகளைத் தூங்க வைக்கிறார். அவள் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, அதில் அம்மா பொறித்துக் கொடுத்த வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இது அண்ணனுக்குப் போகும், உனக்கு அம்மாவின் முத்துமாலையும் மோதிரமும் இருக்கிறது என்கிறார் அவர். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து திண்ணை ஊஞ்சலில் உட்கார்கிறார். உள்ளே குழந்தைகள் இருட்டில் பேசிக்கொள்கிறார்கள்: அம்மா செத்தபோது எனக்கு என்ன வயசு, அம்மா அழகாக இருப்பாளா, உனக்கு அவளைப் பிடிக்குமா. ஜன்னல் வழியாக அந்தப் பேச்சு அவர் காதில் விழுகிறது. அவ்வளவுதான் காட்சி. பெக்குக்கு ஒரு வரி வசனம் கிடையாது. அழவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டி போன ஒரு மனுஷனின் அத்தனை வருஷமும் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது.

என் பதிலின் சாரமே இதுதான். பேசி ஜெயிக்கிற நடிகர்கள் நிறையப் பேர் உண்டு. பெக் கேட்டு ஜெயித்தவர். எதிரில் யாராவது பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அடுத்து நம் வசனம் எப்போது என்று காத்திருக்கும் முகம் அல்ல அது, சொல்வதை உள்ளே வாங்கிக்கொள்ளும் முகம். நம்மையும் இப்படி யாராவது கேட்டால் நன்றாக இருக்குமே என்று பார்க்கிறவருக்குத் தோன்றிவிடும். வீட்டில் பேச ஆள் இல்லாமல், பேசினாலும் கேட்க ஆள் இல்லாமல் வளர்ந்த எத்தனையோ பெண்களுக்கும் ஆண்களுக்கும் அந்த முகம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அழகர்தான், ஆறடி மூன்று அங்குலம், அந்தப் புருவம், அடித்தொண்டையிலிருந்து வரும் குரல் எல்லாம் உண்டு. அழகுக்காகத் தொடங்கியவர்கள் உண்டு. ஐம்பது வருஷம் பிடித்து வைத்தது அழகில்லை என்பேன்.

சரி, கோர்ட். அலபாமா வெயில், விசிறிகள் ஆடுகின்றன, ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். அட்டிகஸ் கடைசியாகப் பேச எழுந்திருக்கிறார். பல நிமிஷம் நீளும் பேச்சு. வேறு நடிகராக இருந்தால் குரலை ஏற்றிக்கொண்டே போய் உச்சியில் முடித்திருப்பார். பெக் நடுவில் ஏற்றுகிறார், கடைசியில் இறக்கிவிடுகிறார். டாம் ராபின்சனை நம்புங்கள் என்று ஜூரிக்காரர்களிடம் கேட்கும் அந்தக் கடைசி வரி ஏறக்குறையக் கெஞ்சல். நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் தீர்ப்பு. கீழே கோர்ட் காலியாகிறது, மாடியிலிருந்து பார்த்த கறுப்பின மக்கள் மட்டும் அவர் வெளியே நடக்கும்போது எழுந்து நிற்கிறார்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. பொய்ப் புகார் கொடுத்தவன் அவர் முகத்தில் காறித் துப்புகிறான். பெக் ஒரே ஒரு அடி முன்னால் வைக்கிறார். அவ்வளவு பெரிய உடம்பு, ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அவன் எழுந்திருக்கமாட்டான். ஒரு கணம் நிற்கிறார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, அவனைக் கடந்து காரில் ஏறிவிடுகிறார். அந்த ஒரு அடியில் கோபம் முழுக்க இருக்கிறது. கோபம் வராதவராக அவர் நடித்திருந்தால் எனக்கு அந்த ஆளைப் பிடித்தே இருக்காது.

ஹார்ப்பர் லீயின் அப்பா ஏ.சி. லீயும் வக்கீல்தான், அட்டிகஸுக்கு அவர்தான் முன்மாதிரி. படப்பிடிப்புக்கு முன்னால் பெக் அலபாமாவில் மன்றோவில் ஊருக்கே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் நாள் படப்பிடிப்பில் அட்டிகஸ் வேஷத்தில் பெக் நடந்து வந்தபோது ஓரமாக நின்ற ஹார்ப்பர் லீயின் கன்னம் நனைந்திருந்தது. என்ன ஆயிற்று என்று பெக் போய்க் கேட்டாராம். "உங்களுக்கும் எங்க அப்பா மாதிரியே சின்னத் தொப்பை" என்றாராம் அவர். அதுதான் நடிப்பு என்று பெக் பதில் சொன்னதாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். ஏ.சி. லீ 1962 ஏப்ரலில் போய்விட்டார், படம் திரைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. அவருடைய பாக்கெட் கடிகாரத்தை ஹார்ப்பர் லீ பெக்குக்குக் கொடுத்தார். 1963 ஏப்ரல் 8, ஆஸ்கர் இரவு. அதற்கு முன் நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டு நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் பெக். இந்த முறை எதிரில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் பீட்டர் ஓ'டூல். சோஃபியா லாரன் பெயரைப் படித்தார், பெக் மேடையேறினார், அந்தக் கடிகாரமும் அவரோடு ஏறியது. பல வருஷம் கழித்து லண்டன் விமான நிலையத்தில் அது திருடு போய்விட்டது. தயங்கித் தயங்கி ஹார்ப்பர் லீயிடம் சொன்னபோது, ஒரு கடிகாரம்தானே என்று அவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

மகளாக நடித்த மேரி பாதம் அப்போது ஒன்பது, பத்து வயதுச் சிறுமி. அலபாமாவின் பர்மிங்காமிலிருந்து வந்தவள், நடித்துப் பழக்கமே இல்லை. படம் முடிந்த பிறகும் பெக் அந்தக் குடும்பத்தோடு தொடர்பை விடவில்லை. அவர் சாகும்வரை மேரி அவரை அட்டிகஸ் என்றுதான் கூப்பிட்டார். டாம் ராபின்சனாக நடித்த பிராக் பீட்டர்ஸ் 2003-ல் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயத்தில் பெக்கின் இறுதிச் சடங்கில் நின்று அஞ்சலி உரை சொன்னார். படத்தில் அவனைக் காப்பாற்ற முடியாமல் போன வக்கீலுக்கு, நாற்பது வருஷம் கழித்து டாம் ராபின்சன் எழுந்து நின்று பேசினார். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நூறு வருஷ அமெரிக்கப் படங்களின் தலைசிறந்த நாயகனாக அட்டிகஸைத் தேர்ந்தெடுத்து அறிவித்திருந்தது. ஜூன் 12 அன்று பெக் தூக்கத்தில் போய்விட்டார், வயது 87.

திரையில் நல்லவர், நிஜத்தில் எப்படி என்று அடுத்து கேட்பீர்கள். ரசிகர்கள் பயப்படும் கேள்வி அது. வாழ்க்கை வரலாறு வெளிவந்த பிறகு பீரோ கதவிலிருந்து படத்தைக் கிழித்தவர்கள் நிறைய. பெக் விஷயத்தில் அந்த ஏமாற்றம் வராததுதான் விசுவாசம் இத்தனை காலம் நிலைத்ததற்கு இன்னொரு காரணம். 1947-ல் 'ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்' படத்தில் யூதர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்து பார்க்கும் பத்திரிகையாளராக நடித்தார். பெயர் கெட்டுவிடும், வேண்டாம் என்று அவருடைய ஏஜென்ட்டே தடுத்தார், கேட்கவில்லை. அதே வருஷம் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரணை நடந்தபோது அதை எதிர்த்து வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டபோது ஆஸ்கர் அகாடமியின் தலைவர் பெக்தான். விழாவை இரண்டு நாள் தள்ளி வைத்தார்கள், வழக்கமான விருந்தையும் ரத்து செய்தார்கள். பிறகு வியட்நாம் போரை எதிர்த்து ஒரு படத்தைத் தயாரித்தார். அவருடைய மகன் ஸ்டீபன் அந்தப் போருக்கே மரைன் அதிகாரியாகப் போய் வந்தவர், போரை எதிர்த்த தகப்பன் மகனைப் பற்றிப் பெருமையாகவும் பேசினார். அதிபர் நிக்சனின் எதிரிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அவர் வாழ்க்கையில் எல்லாம் சுகமில்லை. சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்தார்கள், லா ஹோயாவில் பாட்டிதான் வளர்த்தார். முதல் திருமணம் முறிந்தது. 1975-ல் மூத்த மகன் ஜொனாதனைப் பறிகொடுத்தார். பிள்ளைகளை இழந்த பெற்றோர் அவர் முகத்தில் தங்களைப் பார்த்துக்கொண்டதும் உண்டு.

ரசிகை என்றால் எனக்கு எப்போதும் நினைவு வருபவர் சுரையா. 1940-களின் இந்தித் திரையில் பாட்டும் நடிப்புமாக உச்சியில் இருந்தவர். அவருக்காக பம்பாய் ரசிகர்கள் அலைமோதினார்கள், அவரோ கிரிகரி பெக் ரசிகை. தேவ் ஆனந்தோடு அவருக்கு இருந்த காதல் ஊரறிந்தது. தேவ் ஆனந்துக்கு இந்தியாவின் கிரிகரி பெக் என்றே பெயர், அந்தச் சாயல் சுரையாவுக்கும் பிடித்திருந்தது. மதம் குறுக்கே வந்தது, பாட்டி சம்மதிக்கவில்லை, சுரையா கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா பம்பாய் வந்தபோது, தன் புகைப்படம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு, பெக்கிடம் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்தனுப்பினார் சுரையா. அவ்வளவு பெரிய நட்சத்திரம், பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

1954-ல் 'தி பர்ப்பிள் பிளெயின்' படத்துக்காக பெக் இலங்கைக்கு வந்தார். பர்மாவில் நடக்கும் போர்க்கதை, எடுத்தது இலங்கையில். அந்தப் பயணத்தில் பம்பாயில் தங்கியவர் ஒரு ராத்திரி மரைன் டிரைவில் சுரையாவின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அவர் வந்தது அல்ல, கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு படத்தை இரண்டு வருஷம் கழித்தும் நினைவு வைத்திருந்தது. 2003 ஜூனில் பெக் போனார். ஏழெட்டு மாதம் கழித்து, 2004 ஜனவரி கடைசி நாளில், சுரையாவும் போய்விட்டார்.

வயதான பிறகும் பெக் ரசிகர்களை விட்டு ஒளிந்துகொள்ளவில்லை. 1990-களில் ஊர் ஊராகப் போய் மேடையில் தனியாக உட்கார்ந்து, பழைய படத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, கூட்டம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷன், ஆயிரம் தடவை கேட்ட கேள்வியையும் புதிதாகக் கேட்பது போல் கேட்டுக்கொண்டார்.

குறை சொல்பவர்களையும் சொல்லிவிடுகிறேன். பெக் மரக்கட்டை, முகத்தில் ஒன்றும் அசையாது என்பார்கள். அவருக்குப் பொருந்தாத வேஷங்கள் இருந்தன, நான் மறுக்கவில்லை. 'மோபி டிக்'கில் கேப்டன் ஏஹப்பாக நடித்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, அந்த வெறி பிடித்த கிழவனுக்கு அந்த வயது போதாது. ஹிட்ச்காக்கின் 'தி பாரடைன் கேஸ்' படத்தில் லண்டன் பாரிஸ்டராக வருவார், ஒட்டவே ஒட்டாது. 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேஸில்' படத்தில் நாஜி மருத்துவன் மெங்கலேவாக வந்ததை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. ஆனால் மரக்கட்டை என்பவர்கள் அந்த ஊஞ்சல் காட்சியை இன்னொரு முறை பார்க்கட்டும். அடக்கி வைப்பதும் அசைவுதான். 1949-ல் வந்த 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை' படத்தில் இறுகிப் போன விமானப்படை ஜெனரலாக வருவார். கடைசியில் விமானத்தில் ஏற முயல்கிறார், கை ஏற மறுக்கிறது. படம் முழுக்க அடக்கி வைத்தது அந்தக் கையில் உடைகிறது.

இனி எதில் தொடங்குவது என்பது. மாக்கிங்பேர்டை நான் இவ்வளவு சொன்னாலும், பெரியம்மாவோடு சேர்ந்து பார்ப்பதென்றால் 'ரோமன் ஹாலிடே' போடுங்கள். 1953-ல் வந்தது, முழுக்க முழுக்க ரோமிலேயே எடுத்தது. அரண்மனைக் கெடுபிடி தாங்காமல் ஓடிவந்த ஓர் இளவரசி, அவளை வைத்துப் பெரிய செய்தி எழுதிப் பணம் பார்க்க நினைக்கும் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரன், ஒரே ஒரு நாள். இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன், அப்போது பெயர் தெரியாத பெண். ஒப்பந்தப்படி தலைப்புக்கு மேலே பெக்கின் பெயர் மட்டும்தான் வர வேண்டும். படப்பிடிப்பில் ஆட்ரியின் நடிப்பைப் பார்த்துவிட்டு, அவள் பெயரையும் என் பெயரோடு மேலே போடுங்கள், இவள் ஆஸ்கர் வாங்கப் போகிறாள் என்று பெக்கே சொல்லி மாற்ற வைத்தார். அவர் சொன்னபடியே ஆட்ரி வாங்கினார். பொய் சொல்பவன் கையைக் கடித்துவிடும் என்று நம்பப்படும் கல்முகத்துக்குள் பெக் கையை விட்டு, வெளியே எடுக்கும்போது உள்ளங்கையைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வார். ஆட்ரியிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை, அந்த அலறல் நிஜம். கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ அப்போது ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புத் தடைப்பட்டியலில் இருந்ததால் பெயர் போடவில்லை. அவருக்குரிய ஆஸ்கரை 1993-ல்தான் அவர் மனைவி கையில் கொடுத்தார்கள், அவர் இறந்து பல வருஷம் கழித்து.

பார்க்கும்போது கடைசிப் பத்து நிமிஷத்துக்குக் கவனத்தை மிச்சம் வையுங்கள். இளவரசி பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கிறாள். எந்த ஊர் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்ற கேள்விக்கு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறப்பு உண்டு என்று சொல்லிக் கொடுத்த பதிலைத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டு, ரோம் என்கிறாள். அந்த நேரம் பெக்கின் முகத்தைப் பாருங்கள். பிறகு அவள் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வருகிறாள். அவரிடம் வரும்போது இருவருக்கும் கிடைப்பது ஒரு மரியாதைச் சொல்லுக்கான நேரம் மட்டும். அவள் உள்ளே போய்விடுகிறாள். மற்றவர்கள் கலைகிறார்கள். அவர் மட்டும் நிற்கிறார். கொலோனா அரண்மனையின் அந்த நீண்ட கூடத்தில் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்குகிறார். காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் ஓடி வருவாள் என்று நாம் காத்திருக்கிறோம், அவள் வருவதில்லை. வாசல் கிட்டே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார்.

அவர் வெளியேறித் திரை இருளும்வரை பெரியம்மாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அப்புறம் ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பீரோவில் இருக்கும் அந்தப் படத்தை எந்தப் பத்திரிகையிலிருந்து வெட்டினார் என்று கேளுங்கள்.